ஏழாம் வகுப்பின் இதயம்

...ஒன்றுமில்லையாம், ஒன்றுமே இல்லையாம், வயசுக்கேற்ற மூளைதான், பயப்பட எதுவும் கிடையாது என்று மருத்துவர் இரண்டே வரியில் எழுதி அனுப்பியிருக்கிறார், நானோ ஏழாம் வகுப்பின் தரையில் முட்டி போட்டுச் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், இதயத்தின் வலது பாதிக்கும் இடது பாதிக்கும் நடுவில் வரவேண்டிய சுவர், கோடு கோணிப்போய்விட்டது, போகட்டும், எந்த மனுஷனுக்கு உள்ளே ஸ்கேல் வைத்துப் போட்ட இதயம் இருக்கிறது... போனை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். அதே இரண்டு வரி. மூன்று வாரமாக நெஞ்சின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த பாரம் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகக் கூடாதா, சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டது, அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், கொட்டாவி வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி பெரிய கொட்டாவி. சரியாகத் தூங்கவில்லையா என்று பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டே கேட்கிறார் அறிவியல் வாத்தியார். மூன்று வாரமாகத் தூங்கவில்லை சார் என்றா சொல்வது, சிரித்து வைக்கிறேன், டேப்பைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறேன், இன்னும் பத்து நிமிஷத்தில் ஆய்வாளர் வந்துவிடுவார், அதற்குள் நாலு அறையும் கட்டி முடிக்க வேண்டும்.

இவரைப் பிள்ளைகள் ‘அமைதி சார்’ என்று கூப்பிடுகிறார்கள், அவர் காதுபடவே. ஒரு பீரியடில் நாற்பது தடவை அமைதி, அமைதி என்பார், அதனால் யாரும் அமைதியானதாகச் சரித்திரம் இல்லை. முதல் நாள், நாடக நடிகை என்று தலைமையாசிரியை என்னை அறிமுகப்படுத்தியதும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இன்னும் பதினொரு பாடம் பாக்கி இருக்கு, இதுல டிராமா வேறயா என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மேடைக்காரர்கள், ஓவியர்கள், பாடகர்கள் என்று கலையே தொழிலாக இருப்பவர்களை ஒரு பருவத்துக்கு அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிற திட்டம், ஆனால் எங்கள் கலையைத் தனியாகச் சொல்லித்தரக் கூடாது, அந்தந்த வாத்தியாரோடு உட்கார்ந்து அவருடைய பாடத்தையே எங்கள் கலையால் நடத்த வேண்டும், காகிதத்தில் படிக்க எவ்வளவு சுலபம்... முதல் இரண்டு வாரம் நாங்கள் சம்பந்திகள் மாதிரி மரியாதையாக முறைத்துக்கொண்டிருந்தோம். பிறகு செரிமானப் பாடம் வந்தது. பிள்ளைகள் வராந்தா முழுக்கச் சிறுகுடலாக வளைந்து நெளிந்து நின்றார்கள், ஆனால் சாப்பாட்டுத் துண்டாக ஒருவரும் வர மாட்டேன் என்றார்கள், கடைசியில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும், அப்போது இவரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தார். அன்றிலிருந்து கூட்டாளிகள்.

எதற்காக ஒப்புக்கொண்டாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பிள்ளைகளுக்காக என்று சொன்னேன். பொய். ஒளிந்துகொள்ள வந்தேன். இருபத்தாறு வருஷம் மேடையில் நின்றவள், நாலு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், மூன்றாம் காட்சியில், கட்டிலில் கிடக்கிற அம்மா பாத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘உன்மேல எனக்குக் கோபமே இல்லைம்மா’ என்று சொல்ல வேண்டியவள், எண்பது தடவை சொன்ன வரி, வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. அம்மாவாக நடித்தவள் என் கையை அழுத்தினாள், உதடு அசையாமல் வரியை எடுத்துக் கொடுத்தாள், எனக்குக் கேட்டது, யார் வீட்டு விலாசத்தையோ யாரோ சொல்வது மாதிரி கேட்டது. நாற்பது விநாடி என்று விளக்குக்காரர் பிறகு சொன்னார். கடைசியில் அவளே, ‘என்மேல உனக்குக் கோபம் இல்லைன்னு எனக்குத் தெரியும்டி’ என்று என் வரியைத் தன் வரியாக்கிச் சொல்லிக் காப்பாற்றினாள். பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. இயக்குநர் திட்டவில்லை, கொஞ்ச நாள் ஓய்வெடுங்க என்றார், அந்த மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் மறுநாளே மேடையேறியிருப்பேன்... நன்றாகப் பேசிவிட்டார், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. ஏனென்றால் எங்கள் அம்மாவிடமும் முதலில் எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள்.

அம்மாவுக்கு ஐம்பத்து நாலில் ஆரம்பித்தது. அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு அடுப்பு எதற்கு என்பதை மறந்தாள், கடைசியில் எங்களை. எனக்கு நாற்பத்தெட்டு. கணக்குப் போடத் தெரியாதவளா நான். மேடையில் போன வரி, மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர், ஒரு நாள் கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடியது, எல்லாரும் செய்கிறதுதானே, எல்லாருக்குமா அந்த அம்மா வாய்த்தாள்... ஸ்கேன் எடுக்கப் போனது யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரிடம் முதுகுவலி என்றேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை, அவளிடம் எப்படிச் சொல்வது, ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டுத் தூக்கிச் சுமந்தவள், இன்னொரு சுற்றுக்குத் தயாராக இரு என்றா? அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்தபோது, வெளியே யாரோ தகரத்தைத் தட்டுவது மாதிரி சத்தம், நான் மனசுக்குள் முழு நாடகத்தையும் ஓட்டினேன், என் வரிகள், மற்றவர்களின் வரிகள், எல்லாம் வந்தன. அந்த வரியும் வந்தது. யாரிடமும் சொல்ல வேண்டியிராதபோது ஒழுங்காக வந்தது.

ஆய்வாளர் வந்துவிட்டார், கையில் கோப்போடு ஒரு பெண்மணி, கடைசி பெஞ்சில் முட்டி மோவாயில் இடிக்க உட்காருகிறார், அடுத்த பருவமும் இந்தப் பள்ளியில் திட்டம் தொடருமா என்பது அந்தக் கோப்பில்தான் எழுதப்படும் என்று தலைமையாசிரியை நேற்றே என் காதில் போட்டிருந்தார். ஆரம்பிக்கலாம். முப்பத்தாறு பிள்ளைகள். நீல அட்டை பிடித்தவர்கள் கெட்ட ரத்தம், வாசல் வழியாக வலது மேலறைக்குள் வருகிறார்கள், அங்கிருந்து கீழறை, அங்கிருந்து ஜன்னலோரம், ஜன்னல்தான் நுரையீரல், அங்கே இரண்டு பேர் நீல அட்டையை வாங்கிக்கொண்டு சிவப்பு அட்டை கொடுக்கிறார்கள், சிவப்போடு இடது பக்கம், பிறகு வெளியே வராந்தா, வராந்தாதான் உடம்பு. வழிகளில் கை கோர்த்து நிற்கிற ஜோடிகள் வால்வுகள், போகிறவரை விடுவார்கள், திரும்பி வருகிறவரை விட மாட்டார்கள், இதில் மட்டும் அவர்களுக்குத் தனி சந்தோஷம். நடுவில் கரும்பலகையின் முன் இரண்டு பெண்கள், நெட்டையாக ஒருத்தி, குட்டையாக ஒருத்தி. நெட்டை ‘லப்’ என்றால் கீழறைகள் சுருங்கி ஆட்களை வெளியே தள்ளும், குட்டை ‘டப்’ என்றால் வெளிவழி மூடும். லப்... டப். லப்... டப். ஓடுகிறது. இதயம் ஓடுகிறது, முப்பத்தாறு ஜோடிக் கால்கள், என் கோணல் சுவரை யாரும் மிதிக்கவில்லை, ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார், நானும் ஒரு மூச்சு விடுகிறேன். லப், டப். அடுத்து லப் வரவில்லை.

வரவில்லை. நெட்டைப் பெண் வாயை லேசாகத் திறந்தபடி நிற்கிறாள். வால்வுகள் அவளைப் பார்க்கின்றன, சிவப்பும் நீலமும் அவளைப் பார்க்கின்றன, வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும், அமைதி சாரின் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நிஜமான அமைதி. எடுத்துக் கொடு, எடுத்துக் கொடு, லப் என்று நீ சொல், பக்கத்தில்தானே நிற்கிறாய், ஆனால் என் நாக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது, அந்தச் சாயங்காலம் மாதிரியே, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிறேன்... ஏழு வரை எண்ணியிருப்பேன். “லப்” என்கிறாள் அவள், சாவகாசமாக. கால்கள் ஓட ஆரம்பிக்கின்றன. ஆய்வாளர் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறார், எழுந்து வந்து, என்னம்மா, மறந்துட்டியா என்று கேட்கிறார், கேட்ட விதத்தில் கடுமை ஒன்றுமில்லை, நல்லபடியாகத்தான் கேட்டார், எனக்குத்தான் இயக்குநரின் குரல் ஞாபகம் வந்தது.

“மறக்கலை மேடம். அவ ஷூ கழண்டுபோச்சு, ஜன்னல்கிட்ட எல்லாரும் நின்னுட்டாங்க. ரூம் இன்னும் ரொம்பலை. அதுக்குள்ள லப் சொன்னா யாரை வெளிய அனுப்புறது?”

ஜன்னலோரம் ஒருத்தி இன்னும் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறாள். அமைதி சார் முன்னால் வந்துவிட்டார், முகமெல்லாம் பல்லாக, அதுதான் விஷயம், ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல இதயம் ஓய்வெடுக்குது, வேலை செய்யற நேரத்தைவிட ஓய்வு நேரம்தான் ஜாஸ்தி, அந்த ஓய்வுலதான் ரத்தம் வந்து ரொம்புது, இதைப் புஸ்தகத்துல ஒரே வரியில போட்டிருக்கான், நான் இத்தனை வருஷமா அந்த வரியைத் தாண்டிப் போயிட்டிருந்தேன் என்று ஆய்வாளரிடம் சொல்கிறாரா, பிள்ளைகளிடம் சொல்கிறாரா, தனக்கே சொல்லிக்கொள்கிறாரா தெரியவில்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் காதில் வேறொன்று... மறக்கலை மேடம். மறக்கவில்லை என்றால், என் மூளையில் ஒன்றுமில்லை என்றால், அந்த வரி எங்கே போயிற்று? இவ்வளவு நேரம் இதை நான் கேட்டுக்கொள்ளவே இல்லையே. என் அம்மா ஒரு தடவைகூட என் நாடகத்துக்கு வந்ததில்லை. நம்ம வீட்டுப் பொண்ணுங்க மேடையில நிக்கிறதில்லை என்றாள், பத்துப் பன்னிரண்டு வருஷம் அதையே பிடித்துக்கொண்டாள். எல்லாம் மறந்த பிறகு அக்காதான் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்து வந்தாள், முன்வரிசை, முடிந்ததும் அரிதாரத்தோடு இறங்கிப் போனேன், அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, ‘நல்லா நடிச்சேம்மா, உங்கம்மா குடுத்து வச்சவங்க’ என்றாள். நன்றிம்மா என்றேன். அவள் போய்ச் சேர்ந்த மறுவருஷம் இந்த நாடகம் வந்தது, கோபமே இல்லைம்மா, கோபமே இல்லைம்மா என்று எண்பது தடவை சொன்னேன், எண்பத்தோராவது தடவை வாய் மாட்டேன் என்றுவிட்டது... கோபம்தான் காரணமாக இருக்குமா? எல்லாவற்றையும் மறந்து செத்துப்போனவள்மேல் கோபப்படலாமா? படலாம் போலிருக்கிறது. அது நோய் இல்லை. எந்த ஸ்கேனிலும் தெரியாது. நினைக்க நினைக்கத் தோள் இறங்குகிறது, எத்தனை நாளாகத் தூக்கி வைத்திருந்தேனோ, இயக்குநருக்கு ஒரு போன் போட வேண்டும், வருகிறேன் என்று சொல்ல வேண்டும், அந்த வரியைச் சொல்ல முடியுமா என்று தெரியாது, ஆனால் பயமில்லை, தெரியாமல் இருப்பது வேறு, பயம் வேறு.

மணி அடித்ததும் இதயம் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஆய்வாளர் அமைதி சாரிடம் அடுத்த பருவத்துக்கு என்னென்ன பாடம் என்று பட்டியல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், அதற்கு என்ன அர்த்தம் என்று சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், இந்த மனுஷனுக்குக் கண் சிமிட்டத் தெரியும் என்று யார் நினைத்தது. அடுத்த பாடம் சிறுநீரகம்மா, அதை எப்படி நடத்தறதுன்னு யோசிங்க, ஆனா இந்தத் தடவை நான் உள்ளே போக மாட்டேன் என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வராந்தாவின் கோடிக்குப் போய், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று, அக்காவுக்குப் போன் போட்டேன், நல்ல சேதியாகிவிட்டது, இனிமேல் சொன்னால் என்ன. சொன்னேன். மேடையில் நின்றது, ஸ்கேன், காலையில் வந்த இரண்டு வரி, ஒரே மூச்சில் எல்லாம். அழுகிறாளோ, திட்டப்போகிறாளோ...

“எங்கே எடுத்தே? பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, படியிறங்கிப் போனா நீலக் கதவு இருக்குமே, அங்கயா?”

ஆமா, உனக்கெப்படித் தெரியும் என்றேன். “நானும் போனேன்டி, போன வருஷம். எனக்கும் ஒண்ணுமில்லை.” அவ்வளவுதான் சொன்னாள், பிறகு சிரித்தாள், நானும் சிரித்தேன், இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம், உள்ளே தகரம் தட்டுவானே என்றாள், ஆமாம்டி என்றேன், அக்காவை டி போட்டுக் கூப்பிட்டது அவளுக்கும் உறைக்கவில்லை எனக்கும் உறைக்கவில்லை, கையெல்லாம் லேசாகிவிட்டது, இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கும்... போன வருஷம் எப்போது? மழைக்கு முன்னாலா, பின்னாலா? அவள் வேறு கதைக்குப் போய்விட்டாள், மூத்தவனுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது என்கிறாள், நான் ம் கொட்டுகிறேன், ஆனால் எனக்கு என் சமையலறை தெரிகிறது, போன வருஷம், வெளியே மழை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே அக்கா என்னிடம் ஒரே விஷயத்தை இரண்டாம் தடவை கேட்கிறாள், வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்றோ என்னவோ, நான் வசனம் பாடம் பண்ணிக்கொண்டிருந்த எரிச்சலில், தலையைத் தூக்காமலே, என்னக்கா, அம்மா மாதிரி ஆரம்பிச்சுட்டியா என்கிறேன், தமாஷாகத்தான், அவளும் சிரித்துவிட்டு வெங்காயத்தை நறுக்குகிறாள். அதற்கு எத்தனை நாள் கழித்து அவள் அந்தப் படியில் தனியாக இறங்கினாள்? கேட்கலாம். லைனில்தான் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள், என்னடி, இருக்கியா என்கிறாள், இருக்கேன்க்கா என்கிறேன்.