வெள்ளைப் பையில் மஞ்சள்

நவமணி புந்தோங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலேறியது மகள் கூப்பிட்டதால்தான். மகள் தினேஸ்வரிக்கு புக்கிட் பிந்தாங்கில் ஒரு கைப்பைக் கடையில் வேலை. அந்தத் தெருவைப் பார்த்திருப்பீர்கள், கண்ணுகளா. கண்ணாடிக்குள் ஒரே ஒரு செருப்பை வைத்து, அதற்கு நாலு விளக்குப் போட்டிருப்பார்கள்.

"அடுத்த மாசம் என்னைய சூப்பர்வைசரா போடப் போறாங்கம்மா. ஒரு தடவ வந்து கடையப் பாருங்க. உங்களுக்கும் ஒரு பை எடுத்து வச்சிருக்கேன்," என்று போனில் சொல்லியிருந்தாள்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டான். "பரவாலப்பா, நானே தொறந்துக்கிறேன்," என்றாள் நவமணி. அவனுக்குத் தமிழ் தெரியாது, சிரித்தான்.

"இப்படி உக்காருங்கம்மா, காப்பி கொண்டாறேன். வெலய மட்டும் பாக்காதீங்க, மயக்கம் வந்துரும் லா!"

சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள். எதிர் மேசையில், தட்டில், பால் வெள்ளையில் ஒரு கைப்பை இருந்தது. யாரோ ஒரு பெரிய வீட்டு அம்மா சொல்லி வைத்து வரவழைத்தது. நவமணிக்கு அது எப்படித் தெரியும்? தனக்கென்று எடுத்து வைத்த பை என்றே நினைத்தாள்.

நம்மவர்கள் புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும், தீபாவளிச் சட்டை எடுத்தாலும் மஞ்சள் வைக்காமல் தொடுவோமா? காலையில் கோயிலில் வாங்கிய மஞ்சள் பொட்டலம் அவளிடம் இருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து விரலை நனைத்து மஞ்சளைத் தொட்டாள். பிள்ளை உழைத்து வாங்கியது நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பையின் ஓரத்தில் வைத்தாள்.

காப்பியோடு வந்த தினேஸ்வரி, "அம்மா!" என்றாள். ஓடிவந்து துடைத்தாள். துடைக்கத் துடைக்க மஞ்சள் தோலில் பரவியது.

மேலாளர் ரஸ்னா வந்து பார்த்தாள். மலாய்க்காரிதான், ஆனால் சிலிம் ரிவர் ஊரில் தமிழர்களோடு வளர்ந்தவள், தமிழ் பேசுவாள். "யாரு செஞ்சது?"

"நான்தான்க்கா. கையில மஞ்ச இருந்துச்சு, கவனிக்கல," என்றாள் தினேஸ்வரி.

"மஞ்சக் கையோட யாரு வேலைக்கு வருவா?" ரஸ்னாவின் பார்வை நவமணிமேல் விழுந்து, உடனே விலகியது. "எங்க பக்கத்து வீட்லயும் புது டிவிக்குக்கூட வப்பாங்க. எனக்குப் புரியுது. மேல உள்ளவங்களுக்கு நான் என்ன சொல்றது? சூப்பர்வைசர் பேச்சு இனி எடுக்க முடியாது, தினேஸ்."

நவமணி எழுந்தாள். "நான்தாம்மா வச்சேன். எந்தத் தண்டனன்னாலும் எனக்குக் குடுங்க. புள்ளைய விட்ருங்க."

"உங்களுக்கு எப்படிம்மா குடுக்கிறது? நீங்க இங்க வேல பாக்கலையே."

ஒரு மணி நேரம் லீவு கேட்டுக்கொண்டு, தினேஸ்வரி அம்மாவை ரயிலேற்றக் கூட்டிப்போனாள். தெரு முழுக்க ஆட்கள் கடை வாசல்களில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அழாதீங்கம்மா. வேல போகலையே."

"அடுத்த மாசம் மறுபடி வாரேன்டி. அந்தப் பொண்ணுகிட்ட நானே பேசுறேன்."

"வேணாம்மா. தீபாவளிக்கு நானே வாரேன். நீங்க இனிமே இங்க அலைய வேணாம்."

திட்டியிருந்தால்கூட நவமணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னாள் மகள்.

நவமணி தலையாட்டினாள்.