வரைபடத்தில் பெயரில்லாத சிலுவை

இடிந்த சுவரைக் காசு கொடுத்துப் பார்க்கப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் அதை இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் பிழைப்பு அதுவாகிப் போயிற்று. 1997இல் ஓக்லாந்தின் பக்குரங்கா கடைத்தொகுதியில், ரங்கநாதன் என்ற திருச்சிக்காரர் நடத்திய டிராவல்ஸில், டிக்கெட் போடுவதும் நாள்வாரியாகப் பயணத் திட்டம் எழுதுவதும் என் வேலை.

ஏப்ரல் மாதம் நோரா வந்தார். எழுபதுக்கு ஒன்று குறைவு, மவுண்ட் வெல்லிங்டனில் தனி வீடு. 1950இல் அயர்லாந்தை விட்டு வந்தவர், அதன்பிறகு ஒருதடவைகூடப் போகவில்லை. மேற்குக் கரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம் அவருடைய ஊர். அந்த ஊர் விளம்பரப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆறு நாளையும் மளமளவென்று நிரப்பினேன். கலங்கரை விளக்கம், கல்லால் கட்டிய வட்டக் கோட்டை, கூரை போன தேவாலயம், டொல்பின் பார்க்கப் படகு.

"நான்காம் நாள் மத்தியானத்தைச் சும்மா விடு," என்றார் நோரா.

"அன்றைக்குத்தான் படகு."

"டொல்பின் பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் நான் ஊரை விட்டேன்."

புத்தகத்திலிருந்த வரைபடத்தில் ஓரிடத்தை விரலால் தொட்டார். கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்னச் சிலுவை. மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, அதற்கு மட்டும் இல்லை.

"ஞானஸ்நானம் கொடுக்குமுன் செத்த குழந்தைகளைத் தேவாலய மண்ணில் புதைக்க விடமாட்டார்கள். இங்கேதான் கொண்டுவருவார்கள். என் மகள் ஒரு மணிநேரம் இருந்தாள். என் அப்பா ஒரு பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார். என்னை வரவிடவில்லை. தலைமாட்டில் வெள்ளைக் கல் வைத்ததாகச் சொன்னார். அது இருக்கிறதா என்று கேட்டு எழுது." வரைபடத்தை மடித்துக்கொண்டே, "மழை பெய்தால் அவள் அழுகிறாள். ஓக்லாந்தில் மழைக்கு என்ன பஞ்சம்?" என்றார்.

என் பிள்ளையும் அழுவாள், பின்னேரம் மூன்று மணிக்கு. வேலையில் இருந்தாலும் பஸ்ஸில் இருந்தாலும் கேட்கும். மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் கணவர் மகேசன் என்னை டொக்டரிடம் கூட்டிப்போவார், அவ்வளவுதான்.

1990 பங்குனியில், எங்கள் ஊர் மயிலிட்டியில், இருபத்திரண்டு நாளில் அவள் காய்ச்சலில் போனாள். சின்னப் பிள்ளையை எரிப்பதில்லை, கடற்கரை மண்ணில் புதைத்தார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்பதால் நான் அந்த இடத்தைக் கண்டதே இல்லை. மூன்று மாதத்தில் சண்டை தொடங்கி ஊர் முழுக்க எழும்பி ஓடியது. இராணுவம் கம்பிவேலி போட்டது.

நான்கு வருடம் கழித்து ஓக்லாந்துக்கு அம்மா கடிதம் போட்டிருந்தா. "பிள்ளையின்ரை இடத்துக்குப் போனனான். புல்லுச் செருக்கி வடிவா வைச்சிருக்கினம். ஒண்டுக்கும் யோசியாதை." அம்மாவே மானிப்பாயில் அகதி. அந்த வேலிக்குள் ஒரு குருவி போகாது. பொய் என்று முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான், செத்தவரைச் செத்தார் என்று எழுதமாட்டார்கள். 'சீரியஸ், உடனே வா' என்றுதான் தந்தி வரும். பிள்ளை அழத் தொடங்கியது அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்துதான்.

அயர்லாந்தில் அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். நாலாம் நாள் ஃபேக்ஸ் வந்தது. அந்தச் சிலுவை பழைய வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதாம். கடல் பார்க்கும் காட்சிமுனைக்கு வருகிறவர்களுக்காக அங்கே கார் பார்க் போட்டு எட்டு வருடமாகிறதாம். கற்கள் இப்போது இல்லையாம். வருந்துகிறார்களாம்.

ரங்கநாதன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வயசான அம்மாகிட்ட இதெல்லாம் எதுக்கு சுகந்தினி? நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. சந்தோஷமா போகட்டும்."

"ஓம் சேர்," என்றேன்.

அடுத்த நாள் நோரா கதிரையில் இருக்கவும் என் வாய் தானாகவே சொன்னது. "இருக்கிறது. புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள்."

"வெள்ளைக் கல்?"

"அதுவும்."

நோராவின் முகம் இளகியது. புல் வெட்டுகிறவருக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டு போகவேண்டும், ஆள் பருமனா மெலிவா என்று கேட்டார். மெலிவு என்றேன். நன்றி சொல்லிக் கையைப் பிடித்துவிட்டுப் போனார். மூன்று மணி. பிள்ளை அழத் தொடங்கினாள். அன்றைக்கு இரண்டு குரல் கேட்டது.

எனக்குப் பயம் பிடித்தது. அம்மா எனக்குச் செய்ததை, சொல் மாறாமல், நான் இன்னொருத்திக்குச் செய்திருந்தேன். ஃபேக்ஸைத் தூக்கிக்கொண்டு, நோரா பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்துக்கு ஓடினேன். ரங்கநாதன் பின்னால் கூப்பிட்டது கேட்டது.

மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். "பொய் சொன்னேன். அது இப்போது கார் பார்க். கல் இல்லை. புல் வெட்ட யாரும் இல்லை."

நோரா தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"கார் பார்க்," என்றார். "சரி. எனக்கு ஒரு காரும் டிரைவரும் போடு. நான்காம் நாள், பன்னிரண்டிலிருந்து இருட்டும்வரை. அவள் மேலே வேறு யாரும் வண்டி ஏற்றாமல் அன்றைக்கு ஒரு நாளாவது நான் இடம் பிடித்து வைப்பேன்."

"எந்த மூலை என்று தெரியாதே."

"நடுவில் நிறுத்துவேன். யார் எழுப்புகிறார்கள் பார்ப்போம்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உன்னுடையது எங்கே?"

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்ததோ என்னவோ. சொன்னேன். ஏழு வருடத்தில் முதல்தடவையாகச் சொன்னேன், அதுவும் இங்கிலீஷில்.

"பெயர் என்ன?"

"வைக்கவில்லை. எங்களுக்கு முப்பத்தோராம் நாள்தான் பெயர். அவளுக்கு இருபத்திரண்டு."

"என்னுடையவளுக்கும் இல்லை," என்றார் நோரா. "உன் இடத்தில் கார் நிறுத்த விடுவார்களா?"

"மாட்டார்கள். வேலிக்குள் இராணுவம் துவக்கோடு நிற்கிறது."

பஸ் வந்து கதவைத் திறந்தது. நோரா டிரைவருக்குக் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு, தான் இருந்த வாங்குப் பலகையில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் அதில் இருந்துகொண்டு, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, என் பிள்ளைக்காக வாய்விட்டு அழுதேன்.