வீட்டு வாடை

நாத்தனார் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. வாசலைத் தாண்டி ஓரடி வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள். வெளியே, மாடி நடையிலிருந்த பொதுக்குழாயடியில் அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. மிஷினிலிருந்து பாதி எழுந்த தையல்காரி அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலில் படுத்திருந்த அவள் கணவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவன் பெயிண்டர். வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த முன்னறைதான் அவனுக்கு எல்லாம். ஒருபக்கம் அவன் கட்டில், மறுபக்கம் அவளுடைய மிஷினும் துணி வெட்டும் மேஜையும். காலையில் வெந்நீரில் உடம்பு துடைத்து, பவுடர் போட்டு, விரிப்பு மாற்றி, மூத்திரப் பையைக் காலி செய்துவிட்டுத்தான் அவள் ஊசியில் நூல் கோப்பாள். முகம் சுளித்ததில்லை. அவன் நன்றாக இருந்த காலத்தில், இவள் காய்ச்சலில் கிடந்தபோது அவனும் இவளுக்கு எல்லாம் செய்திருக்கிறான்.

மழைக்காலத்தில்தான் அந்த வாடை ஆரம்பித்தது. முதலில் ஈரச்சாக்கு மாதிரி. பிறகு அழுகிய மாதிரி. அவள் பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தாள். எலுமிச்சைத் தோலைக் கிண்ணங்களில் போட்டு மூலைக்கு மூலை வைத்தாள். வாசனை ஸ்பிரே வாங்கி அடித்தாள். அடித்த கொஞ்ச நேரத்துக்கு எலுமிச்சை, பினாயில், ரோஜா, அழுகல் எல்லாம் கலந்து தலைவலி வந்ததுதான் மிச்சம். மேல்வீட்டு டீச்சர், தைத்து வைத்திருந்த தன் ரவிக்கையை வாங்கி, யதேச்சையாக மூக்கருகே கொண்டுபோனவள், சிரித்தபடி பைக்குள் திணித்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. மற்றவர்களும் வாசலிலேயே நின்று அளவு ரவிக்கையை நீட்ட ஆரம்பித்தார்கள். உள்ளே வாங்க என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை.

வாடை எங்கிருந்து வருகிறது என்று அவள் தேடவே இல்லை. தெரிந்ததைத் தேடுவானேன் என்று இருந்துவிட்டாள். அவன் உடம்பைத் தினம் ஒரு வேளை துடைப்பதை இரண்டு வேளையாக்கினாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அவன் தோள்பட்டை சிவந்து போயிற்று. அவன் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் தலைமாட்டில் வைக்கிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம்வரை நிறைந்தபடியே இருந்தது. தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீரில் கிருமி சேரும், உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கேட்டால், தாகமில்லை என்பான். உதடு வெடித்திருக்கும்.

நாத்தனார் முகம் கழுவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணி, வீட்ல ஏதோ நாறுது."

"தெரியும்" என்றாள் தையல்காரி. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எங்கேயோ பிடி விட்டுப்போனது. "படுத்த படுக்கையா கெடக்கற மனுஷன வெச்சுக்கிட்டு வேற எப்படி இருக்கும்? ரெண்டு நாள் இருந்து பாரு, தெரியும்."

சொல்லி முடித்ததும் கையால் வாயை மூடிக்கொண்டாள். கட்டில்பக்கம் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

நாத்தனார் நேராகக் கட்டிலுக்குப் போய், குனிந்து, அண்ணனின் கழுத்தில் மூக்கை வைத்து மோந்தாள். பிறகு அக்குளில். பிறகு விரிப்பை ஓரமாகத் தூக்கி மெத்தையில். அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

"என்ன பண்ற, விடு."

"சும்மா இரு அண்ணா." நிமிர்ந்தாள். "அண்ணி, அண்ணன் மேல பவுடர் வாசம்தான் அடிக்குது. பச்சக் கொழந்த மாதிரி வெச்சிருக்கீங்க. இது வேற எங்கேருந்தோ வருது."

முந்தானையை மூக்கிலிருந்து எடுப்பதும் பொத்துவதுமாக அறையைச் சுற்றி வந்தவள் வெட்டும் மேஜையருகே நின்றாள். மேஜைக்கடியில் துண்டுத்துணி மூட்டைகள் இருந்தன, சுவரோடு சுவராக. அவனைத் துடைக்க ஆகுமென்று தையல்காரியே சேர்த்து வைத்தவை. மேலாக இருந்த மூட்டையிலிருந்து மட்டும்தான் அவள் எடுப்பாள். இருவரும் சேர்ந்து அடிமூட்டையை இழுத்தபோது சாக்கின் அடிப்பாகம் கையோடு வரவில்லை. தரையிலேயே ஒட்டிக்கொண்டு, கறுப்பாக, கூழாக வழிந்தது. நாத்தனார் மறுபடியும் குழாயடிக்கு ஓடினாள். சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை. சுவர் முழங்கால் உயரத்துக்கு நனைந்து, பூஞ்சை பூத்து, பெயிண்ட் தோல்தோலாக உரிந்து நின்றது. தைத்து முடித்த துணிகளை அவள் மாட்டுகிற கம்பியும் அதற்கு நேர் மேலேதான் இருந்தது.

தையல்காரி அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான்னு நெனச்சேன்" என்றான் அவன், கூரையைப் பார்த்தபடி.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

அப்புறம் அவன் வயிறு குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிய அவளுக்குச் சற்று நேரமானது.

"தப்பு பண்ணது மூட்ட. தோல உரிச்சது என்னைய."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் தோளைத் தொட்டாள். பிறகு, வாசலில் மூச்சு வாங்க நிற்கிறவளைப் பார்த்துத் திடீரென்று நினைவு வந்தது.

"உனக்கு ஒடம்புக்கு என்னம்மா?"

நாத்தனார் வாசல்காலைச் சுரண்டினாள். "கல்யாணமாகி இத்தன வருஷம் கழிச்சு, அண்ணி. டாக்டரே நம்பல. அண்ணன்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன். வந்த எடத்துல மானத்த வாங்கிட்டேன்."

அவன் கையை நீட்டினான். அவள் மூக்கைப் பொத்தாமலே உள்ளே ஓடிவந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

அவளைக் கட்டிலோரம் உட்காரவைத்துவிட்டுத் தையல்காரி தனியாளாக மூட்டைகளைத் தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குச் சுமந்தாள். போகும்போதும் வரும்போதும் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். வாந்தியெடுத்துவிட்டும் திரும்ப உள்ளே வந்தவள் இவள் ஒருத்திதான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், திரும்பி வந்ததும் அவள் தலையை மட்டும் ஒருமுறை தடவிவிட்டாள்.

பிளம்பர் வந்து குளியலறைச் சுவரை உடைத்தார். குழாயின் இணைப்பில் விரிசல். அதற்குப் பிறகு, கட்டிலில் படுத்தபடியே பெயிண்டர் பொறுப்பேற்றுக்கொண்டான். "பெயிண்ட சுத்தமா சொரண்டு. செங்கல் தெரிஞ்சாலும் பரவால்ல. ஓதம் காயறவரைக்கும் மேல எதையும் பூசாத, திரும்ப வந்துடும்." குரலில் பழைய அதட்டல் இருந்தது. தையல்காரி கீழ்ப்படிந்து சுரண்டினாள். நடுவில் அவன் தண்ணீர் கேட்டான். ஒரு மடக்கில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டான்.

சாயங்காலம் திரைச்சீலைகளைக் கழற்றி ஜன்னல்களை முழுக்கத் திறந்து வைத்தார்கள். கழுவிய தரை காய்ந்துகொண்டிருந்தது. நாத்தனார் கட்டில்காலில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். தையல்காரி மூச்சை இழுத்துப் பார்த்தாள். எதுவும் இல்லை. மறுபடி இழுத்தாள். வெறும் காற்று.

கட்டிலில் அவன் தலையைத் தூக்கினான்.

"கீழ்வீட்ல வெங்காயம் தீயுது" என்றான் மெதுவாக.

இருவரும் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். கீழே யாரோ ஓடும் சத்தம். வாணலி அடுப்பிலிருந்து இறங்கும் சத்தம். பிறகு தண்ணீர் பட்டு அது சொய்யென்று அடங்கியது.