ஏழு மணிக்கு ஒரு ஜன்னல்

காப்பீட்டுக் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் புலனாய்வு அதிகாரியாக இருந்தவருக்கு ஓய்வு கொடுத்தபோது, கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது அடையாள அட்டையையும் அலமாரிச் சாவியையும் மட்டும்தான். சந்தேகத்தை அவர் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். எரிந்த கிடங்கைப் பார்த்ததும் எரித்தவன் யார் என்று தேடிப் பழகிய மூளை, பால் திரிந்தால் பாத்திரத்தைக் கடைசியாகத் தொட்டது யார் என்று விசாரிக்க ஆரம்பித்தது. தெருவில் எல்லோரும் அவரை அதிகாரி என்றே அழைத்தார்கள். மனைவி மட்டும் "ஏங்க" என்றாள். அதிலும் சில நாள் ஒரு தொனி இருப்பதாக அவருக்குப் பட்டது.

பூமியில் விசாரிக்க ஆள் குறைந்ததாலோ என்னவோ, அவர் ஒரு தொலைநோக்கி வாங்கினார். அதை மொட்டை மாடியில் நிறுத்தி, ஓட்டுவதற்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் பொருத்திக் கொடுத்தவன் மச்சினன். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைக்காரன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. தொலைநோக்கியின் காலில் பட்டை போட்டுக் கட்டியிருந்தது. அதில் லினக்ஸ் என்ற இயங்குதளமும், அதன்மேல் வானத்தைப் பார்க்கும் மென்பொருளும் ஓடின. பெட்டிக்குத் திரை கிடையாது. கையிலிருக்கும் டேப்லெட்டில் கிரகத்தின் பெயரைத் தொட்டால் போதும், குழாய் முனகிக்கொண்டே திரும்பி, அந்தக் கிரகத்தின் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும்.

மூன்று மாதம் எந்த வம்பும் இல்லை. தினமும் மாலை சரியாக ஏழு மணிக்கு அதிகாரி வியாழனைத் தொடுவார், வியாழன் வந்து நிற்கும். சூரியக் குடும்பத்தைத் தானே நிர்வகிப்பதாக அவர் நம்பத் தொடங்கியது இந்த மூன்று மாதத்தில்தான். நிர்வாகி என்றால் சுயசரிதை வேண்டாமா? 'வானமும் நானும்' என்று தலைப்பு வைத்தார். வானத்துக்கு ஒரு அத்தியாயம், மற்ற இருபத்தி மூன்றும் நான்.

"மாப்ளே, அந்தப் பெட்டியில எனக்கு விண்டோஸ் போட்டுக் குடு," என்றார் மச்சினனிடம். "பகல்ல சும்மாதானே கிடக்கு. கீழ எடுத்துட்டு வந்து டிவியில மாட்டிக்கிட்டு புத்தகம் எழுதறேன்."

"லினக்ஸ்லயே எழுதலாமே அத்தான்."

"முப்பது வருஷமா அறிக்கை எழுதின கை இது. பழகின இடத்துலதான் ஓடும்."

மச்சினன் பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குடிவைத்துக் கொண்டுவந்தான். சுவிட்சைப் போட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருந்தால் லினக்ஸ் எழுந்திருக்கும். அதற்குள் விசைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டினால் விண்டோஸ். மேலே வானம், கீழே சுயசரிதை. அதிகாரிக்குப் பரம திருப்தி.

மறுநாள் ஏழு மணிக்கு வியாழனைத் தொட்டார். குழாய் முனகியது, திரும்பியது. தலைக்கு மேலே பளிச்சென்று நின்ற வியாழனை ஏறிட்டும் பாராமல் மேற்கே சரிந்து, கார் நிறுத்தும் திடலுக்கு அந்தப் பக்கம் இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் எட்டாம் மாடியில் போய் நின்றது. அதிகாரி கண்ணை வைத்துப் பார்த்தார். வியாழனும் அதன் நான்கு நிலாக்களும் இருக்க வேண்டிய இடத்தில், மங்கலாக, தலைகீழாக, கொடியில் ஒரு துண்டும் நான்கு காலுறைகளும் காய்ந்துகொண்டிருந்தன.

சட்டென்று நிறுத்திவிட்டு மறுபடி தொட்டார். குழாய் மறுபடி அதே துண்டுக்குப் போனது.

இயந்திரம் பழுதாகியிருக்கும் என்று வேறு யாராவது நினைத்திருப்பார்கள். அதிகாரி தன் பணிக்காலத்தில் தானாகப் பழுதான எதையும் பார்த்ததில்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யார் என்பதில் அவருக்கு அதிகச் சிரமம் இருக்கவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவன், மாடிச் சாவிக்கு நகல் வைத்திருப்பவன், போன மாதம் "ஒரு வாரம் குடுங்க அத்தான், என் பொண்ணுங்களுக்குக் காட்டிட்டுத் தர்றேன்" என்று கேட்டு, கிடைக்காமல் போனவன். மூன்றும் ஒரே ஆள். இவ்வளவு சுளுவாக மாட்டினால் வழக்கில் சுவாரசியமே இல்லை என்றுகூட அவருக்கு லேசான குறை இருந்தது.

ஆகவே மச்சினனிடம் மூச்சுவிடவில்லை. ரகசிய விசாரணை தொடங்கினார். மாடிக் கதவில் ஒரு மயிரிழையை ஒட்டினார். அது காற்றில் போயிற்று. மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்துப்போய் மாடி வாசலில் தூவினார். காலையில் பார்த்தால் அச்சு அசலாக ஒரு செருப்புத் தடம். அளவெடுத்தார், எட்டாம் நம்பர். படம் எடுத்தார். பிறகு கீழே வந்து, விண்டோஸுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி, அதில் புதிதாக ஒரு கோப்பைத் திறந்து, 'மேற்படி மச்சினன் குறித்த புலனாய்வு அறிக்கை' என்று எழுதத் தொடங்கினார். சுயசரிதையைவிட இது வேகமாக வளர்ந்தது.

"என் பவுடர் டப்பாவைப் பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

இவளும் உடந்தையோ என்று ஒரு கணம் யோசித்தார். "எதுக்குக் கேக்கற?"

"பவுடர் டப்பாவை எதுக்குக் கேப்பாங்க?"

இதற்கிடையில் குழாய் தன் வேலையைத் தொடர்ந்தது. தினமும் ஏழு மணிக்கு அவர் வியாழனைத் தொடுவார், அது ஒரு ஜன்னலுக்குப் போகும். எங்கே போயிருக்கிறது என்று அவர் கண்ணை வைத்துப் பார்ப்பார், பல்லைக் கடிப்பார், நிறுத்துவார். தான் பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். தன்னையும் பார்க்கிறார்கள் என்பது பத்தாம் நாள் காலை கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது.

எதிர்க் கட்டடக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அனுப்பியிருந்தார். இரண்டு பூனை சண்டை போட்டாலும் 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று ஆரம்பித்து நகல் ஐவருக்கு அனுப்புகிறவர் அவர். நான்கு பக்கக் கடிதத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பட்டியல்: தேதி, நேரம், எந்த மாடி. ஒன்பது நாள். முடிவில், 'ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் பாதிக்கப்பட்டோருடன் தங்கள் மாடிக்கு வருகிறோம். திருப்தியான விளக்கம் இல்லையேல் காவல் நிலையத்தில் புகார் தரப்படும்.'

கடிதத்தை முந்திக்கொண்டு செய்தி தெருவில் பரவியிருந்தது. எதிர்க் கட்டடத்தில் திரைச்சீலை இல்லாத ஜன்னலே இல்லை. மருந்துக் கடைக்காரர் அதிகாரியைப் பார்த்ததும் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி காய்கறி வாங்கப் போய்ப் பாதி வாங்கிய பையோடு திரும்பி வந்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைங்க," என்றாள். "அதான் தாங்கல. நான் போனதும் பேச்சை நிறுத்திட்டாங்க."

முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவனின் நல்ல பெயரைச் சுரண்டிப் பார்த்தவருக்கு, தன் பெயர் இவ்வளவு மெல்லிய பூச்சு என்பது இப்போதுதான் தெரிந்தது. ஞாயிறு மாலைக்குள் யாராவது ஒருவர் பெயரை அவர்கள் கையில் கொடுத்தாக வேண்டும். அவருடையது, இல்லையென்றால் மச்சினனுடையது. அறிக்கை பத்தொன்பது பக்கத்தில் தயாராக இருந்தது. அச்செடுத்து உறைக்குள் போட்டு, கறுப்புப் பெட்டியை மாடியில் கொண்டுபோய்க் கட்டினார்.

ஞாயிறு ஆறு மணிக்கு மச்சினனே வந்து நின்றான். அக்கா போன் பண்ணிவிட்டாள்.

"என்ன அத்தான், பத்து நாளா மிஷின் கோணல் பண்ணுதாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நடிப்பில் குறை சொல்ல முடியாது என்று அதிகாரி மனதுக்குள் குறித்துக்கொண்டார். "சொன்னா என்ன செய்வே?"

"பார்ப்பேன். அதானே என் பொழைப்பு." கையில் கொண்டுவந்திருந்த சின்னத் திரையைப் பெட்டியில் மாட்டினான். மடமடவென்று எதையெதையோ திறந்து பார்த்தான். நடுவில் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நின்றான், காதைச் சொறிந்தான், பிறகு அதை மூடிவிட்டு, "அந்த லெட்டரைக் குடுங்க," என்றான்.

அதிகாரி உறையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டு, கடிதத்தை மட்டும் நீட்டினார். மச்சினன் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வாசித்தான்.

"முதல் மூணு நாள் எட்டாம் மாடி. அடுத்த மூணு நாள் ஏழு. அப்புறம் மூணு நாள் ஆறு. எல்லாமே ஏழு மணி." நிமிர்ந்தான். "அத்தான், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எட்டிப் பார்க்கிற ஆளு இப்படி மூணு நாளைக்கு ஒரு மாடின்னு முறை போட்டா பார்ப்பான்?"

"நான் எட்டிப் பார்க்கலடா."

"அதைத்தான் சொல்றேன். இது மனுஷன் பண்ற வேலை இல்ல, கிரகம் பண்ற வேலை. வியாழன் தினம் நாலு நிமிஷம் முந்தி மறையும். ஒரே நேரத்துக்குப் பார்த்தா, மேக்கால நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே போகும். நம்ம குழாய் வியாழனைத்தான் தேடுது. ஆனா, அது மறையப் போற நேரத்துல எங்க இருக்குமோ அங்க தேடுது." திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினான். "இப்ப மணி என்ன?"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறு நாற்பது."

திரையில் பன்னிரண்டு பத்து என்றிருந்தது.

"அஞ்சரை மணி நேரம் முன்னாடி ஓடுது," என்றான் மச்சினன். "பெட்டிக்குள்ள ஒரே ஒரு கடிகாரம். விண்டோஸ் அதுல நம்ம ஊர் நேரத்தை எழுதி வைக்கும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம்னு படிச்சு, நம்ம ஊருக்காக அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டிக்கும். ரெண்டும் அதது வழக்கத்துல சரிதான். ஒரே வீட்டுல ரெண்டு சம்பந்தி மாதிரி, யாரும் தப்பு இல்ல, சேர்ந்து இருந்தாதான் வம்பு. கடையில நெட் இருந்துச்சு, நேரத்தைத் தானா திருத்திக்கிச்சு, எனக்குத் தெரியல. இங்க மாடியில ஏது நெட்? விண்டோஸ் வர்ற வரைக்கும் இந்தத் தொல்லையே இல்ல."

விண்டோஸ் எதற்கு வந்தது என்பதை அவன் சொல்லவில்லை. அதிகாரிக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. இருபத்தி மூன்று அத்தியாயம் 'நான்' அவர் கண்முன் வரிசையாக நின்றது.

மச்சினன் ஏதோ ஒரு வரியைத் தட்டி முடிக்கவும், படியில் காலடிச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. முதலில் செயலாளர், கையில் கோப்பு. பின்னால் ஏழாம் மாடிப் பல் மருத்துவரம்மா, எட்டாம் மாடித் தம்பதி, இன்னும் சிலர். நியாயம் கேட்க வந்தவர்களை விட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம்.

"மேற்படி பொருள் தொடர்பாக..." என்று செயலாளர் தொடங்கினார்.

"ஒரே நிமிஷம் சார்," என்று மச்சினன் டேப்லெட்டைத் தொட்டான். குழாய் முனகியது. கூட்டம் மொத்தமும் எதிர்க் கட்டடத்தை நோக்கித் தலையைத் திருப்பியது. குழாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மேலே மேலே எழும்பி, உச்சிக்குச் சற்று மேற்கே போய் அசையாமல் நின்றது. பல் மருத்துவரம்மா முதலில் கண்ணை வைத்தார்.

"பக்கத்துல நாலு புள்ளி தெரியுது," என்றார்.

"அதோட நிலா மேடம். இத்தனை நாளா இதைத் தேடித்தான் உங்க வீட்டுக்கு வந்திருக்கு." மச்சினன் கடிகாரக் கதையைச் சொன்னான். பட்டியலையும் காட்டினான். "சார் மட்டும் இவ்வளவு கணக்கா எழுதி வைக்கலன்னா கண்டுபிடிச்சிருக்கவே முடியாது."

செயலாளருக்கு மகிழ்வதா வருந்துவதா என்று விளங்கவில்லை. "அது சரி. ஆனா யாரு பொறுப்பு? எழுத்துல வேணும்."

அதிகாரியின் கக்கத்தில் உறை இருந்தது.

"நான்தான் சார்," என்றான் மச்சினன். "ரெண்டையும் போட்டது நான். நேரத்தைச் சரிபார்க்காம விட்டதும் நான்தான்."

கேட்காமல் வந்த வாக்குமூலம். ஒரு வாக்குமூலத்துக்காக மூன்று மாதம் அலைந்த காலமெல்லாம் உண்டு. இப்போது தட்டில் வைத்து நீட்டுகிறான். வாங்கிக்கொண்டால் தெருவில் பெயர் முழுசாகத் திரும்பிவிடும். படியோரம் நின்றிருந்த மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இல்ல," என்றார் அதிகாரி. குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "போடச் சொன்னது நான். வேண்டாம்னுதான் சொன்னான். பத்து நாளா அவன்கிட்ட சொல்லாம மூடி வச்சதும் நான். என் பேரை எழுதிக்குங்க."

செயலாளர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் பல் மருத்துவரம்மா, "எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "நீங்க இருக்கறது அந்தக் கோடி பிளாக் ஆச்சே. இங்க இருக்கிற குழாய் எந்த மாடியைப் பார்க்குதுன்னு தினம் எப்படிங்க தெரிஞ்சுது?"

"பைனாகுலர் வச்சிருக்கேன்," என்றார் செயலாளர், கோப்பை மூடிக்கொண்டே. "பொது நலன் கருதி."

இறங்கிப் போகும்போது கூட்டம் அதிகாரியிடமிருந்து விலகி நடக்கவில்லை என்பதையும், செயலாளரிடமிருந்து இரண்டு படி விலகி நடந்தது என்பதையும் அதிகாரி கவனிக்கத் தவறவில்லை.

மாடியில் இருவரும் மிஞ்சினார்கள். மச்சினன் வயரைச் சுருட்டினான்.

"அத்தான், ஒரே ஒரு திருத்தம். பதினோராம் பக்கத்துல செருப்புத் தடம் எட்டாம் நம்பர்னு போட்டிருக்கீங்க. என் கால் பத்து."

அதிகாரி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, மெதுவாக, "பாஸ்வேர்ட் போட்டிருந்தேனே," என்றார்.

"அது விண்டோஸ் வாசலுக்குப் போட்ட பூட்டு. லினக்ஸ் வழியா உள்ள வந்தா எல்லா அலமாரியும் திறந்துதான் கிடக்கும். கோளாறு எங்கன்னு தேடறப்ப கண்ணுல பட்டுச்சு." வயரைப் பையில் போட்டான். "நடை நல்லா இருக்கு. சுயசரிதையைவிட."

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் எழுதிய எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை. கடைசியில், "குழாயை ஒரு வாரம் எடுத்துட்டுப் போ," என்றார். "பொண்ணுங்ககிட்ட காட்டு."

"சரி அத்தான்," என்று சிரித்தான். எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு விசில் அடித்தபடி இறங்கிப் போனான்.

அதிகாரி உறையோடு கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உறையைத் திறக்காமலே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன யோசனை?" என்றாள் மனைவி.

"பத்தொன்பது பக்கம் படிச்சிருக்கான். கொஞ்சமாவது கோபம் வர வேணாமா? ஏன் வரல?"

"முதல்ல பவுடர் டப்பாவைக் குடுங்க," என்றாள் மனைவி. "அப்புறம் யோசிக்கலாம்."