மாடியில் ஒரு மைக்

1

இந்தக் கதையைக் கொடுத்தது என் அக்கா. "ஜனநாயகம், சமூகநீதின்னு பக்கம் பக்கமா எழுதுறியே, எங்க பள்ளிவாசல் மாடியில பொம்பளைங்களுக்கு ஸ்பீக்கர் மட்டும்தான் இருக்கு, மைக் கிடையாது. அதை எழுதேன்" என்றாள். போனை வைத்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். கை பரபரக்கிறது!

'மூன்று குடும்பங்கள் ஆண்டுவந்த ஒரு பள்ளிவாசலில்...' (வேண்டாம், ராஜா கதை மாதிரி இருக்கிறது.)

2

எலக்ட்ரீஷியனிலிருந்து தொடங்குகிறேன். பட்டப்பெயர் ப்யூஸ், சட்டென்று சூடாகிவிடுவான். வேலை, பள்ளிவாசல் தலைவரின் கடையில். தலைவர், அவர் மச்சான், அவர் சம்பந்தி, இந்த மூவர்தான் நிர்வாகம். ஏழைகளுக்காக வக்ஃபாக, அறக்கொடையாக எழுதிவைத்த கடைகளும் சொற்ப வாடகைக்கு இவர்களிடமே. கேட்டால், "ஷூரா பண்ணிட்டோம்" என்பார் தலைவர். கலந்தாலோசனையாம். ஒரே சாப்பாட்டு மேசையில்!

[ஒரே ஒரு பத்தி கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். செல்வம் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றக் கூடாது என்கிறது மார்க்கம். செல்வத்துக்கே அப்படியென்றால் பதவிக்கு? அந்தக் காலத்தில் ஆட்சித்தலைவரான கலீஃபாவையே ஒரு பெண் பள்ளிவாசலில் மறுத்துப் பேசினாள், அவரும் ஒப்புக்கொண்டார் என்று பள்ளிவாசல் பயானில், பிரசங்கத்தில், கேட்டுத்தானே வளர்ந்தோம்? சரி, முடித்துவிட்டேன்.]

3

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அடுத்த அஞ்சு வருஷத்துக்கும் இதே நிர்வாகம்தான். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

கீழே ஆண்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு அவர்களிடம் வேலை, மீதிப் பேர் அவர்கள் வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

கூரையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

"இருக்கு!"

மாடியிலிருந்து ப்யூஸின் மனைவி, நர்ஸ். "எலெக்‌ஷன் வைங்க. எங்களுக்கும் ஓட்டு வேணும். ஏழைங்களுக்குன்னு எழுதின கடையில உங்க குடோன் எதுக்கு?"

எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. பயமாகவும் இருக்கிறது. அவள் பேசினால் வேலை போவது அவள் புருஷனுக்குத்தான்.

4

மைக் எப்படி வந்தது? 'ப்யூஸ் ரகசியமாகத் திட்டம் போட்டு...' (நம்ப முடியவில்லை. மூன்று பிள்ளைக்காரன்.) காலையில் மாடி ஒயரைச் சரிபார்க்க ஒரு மைக்கைச் செருகினான். பாங்கு சொன்னதும் முதல் வரிசையில் இடம் பிடிக்கக் கீழே ஓடினான். மைக் அங்கேயே நின்றது. மறந்தானா, மறந்த மாதிரி விட்டானா? என் பாத்திரம்தான், ஆனாலும் என்னிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.

5

முதல் முடிவு: எல்லோரும் கை தூக்கினார்கள், தேர்தல் வந்தது. (ஆசை யாரை விட்டது! அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ப்யூஸுக்கு வேலை போயிற்று, மைக்கையும் பிடுங்கி... (எழுத மனம் வரவில்லை.)

அதனால் இந்த இடத்தில் நிறுத்துகிறேன்.

"யாருய்யா மேல மைக் வச்சது?" என்றார் தலைவர்.

ப்யூஸ் எழுந்துவிட்டான். "நான்தான் முதலாளி. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"இவன் பக்கம் யாரு இருக்கீங்க? எழுந்திருங்க பாப்போம்."

தொழுகை வரிசையில் இடைவெளி விடாதே, தோளோடு தோள் சேர்ந்து நில் என்பது சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித்தந்தது. ப்யூஸ் தனியாக நிற்கிறான். அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பது நீங்கள். உங்கள் வீட்டு வாடகையும் தலைவருக்குத்தான் போகிறது.

நான் பேனாவை மூடிவிட்டேன். எழுந்திருக்கிறீர்களா?