நாலரை விநாடி

பார்வையில்லாதவர்களும் சினிமா பார்ப்பார்கள். நம்பாதவர்கள் என் தம்பியோடு ஒரு படத்துக்குப் போய் வரலாம். இடைவேளையிலேயே முடிவைச் சொல்லித் தொலைப்பான். அவர்கள் பார்ப்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் என் வேலை.

படத்தில் ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் தொடங்குவதற்குள் கொஞ்சம் இடம் கிடைக்கும். நாங்கள் அதைச் சந்து என்போம். அந்தச் சந்துக்குள் ஒரு குரல் நுழைந்து, திரையில் நடப்பதைச் சொல்லிவிட்டு, யார் காலையும் மிதிக்காமல் வெளியேறிவிட வேண்டும். "கதவைத் திறக்கிறாள். உள்ளே யாருமில்லை." அவ்வளவுதான். விநாடிக்கு இரண்டு சொல் என்பது என் கணக்கு. மூன்று விநாடிச் சந்தில் ஆறு சொல் உட்காரும். ஏழாவது சொல் கதாநாயகன் வாயில் போய் இடிக்கும்.

விதி ஒன்றே ஒன்று. தெரிவதைச் சொல்ல வேண்டும், புரிந்ததைச் சொல்லக் கூடாது. புதிதாக எழுத வருகிறவர்கள் "சோகமாகப் பார்க்கிறாள்" என்று எழுதுவார்கள். தம்பி அங்கேயே பிடிப்பான். "சோகம்னா எப்படி இருக்கும்? கண்ணு எங்க இருக்கு, கை எங்க இருக்கு, அதச் சொல்லுங்க. சோகமா இல்லையான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

எங்கள் அலுவலகத்தில் தம்பிதான் சரிபார்ப்பவன். ஒன்பது வயதில் அவனுக்குப் பார்வை போனது. அவன் தலையாட்டாமல் ஒரு படமும் வெளியே போகாது. என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். டிவி முன்னால் உட்கார்ந்து அவன் காதில் படம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

சரிபார்ப்பு இரண்டு அறைகளில் நடக்கும். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் நான், மைக், எழுத்துப்படி, ஒரு சின்னத் திரை. அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் தம்பியும். ஒலிப்பதிவாளருக்கு மீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எதிரில் யார் பேசினாலும் அவர் கண் ஒலி அளவு காட்டும் பச்சைக் கோட்டிலேயே இருக்கும். அவருக்கு முன்னால் ஒரு திரை உண்டு, தம்பிக்கு முன்னால் எதுவும் இல்லை. படத்தின் சத்தமும் என் குரலும் மட்டும் அவன் ஹெட்போனுக்குப் போகும். அதிலிருந்து அவன் படத்தைக் கட்டிக்கொள்வான். கட்டிடம் ஆடினால் கையைத் தூக்குவான், மீட்டர் படத்தை நிறுத்துவார்.

அன்று வந்தது அழவைக்கும் வகைப் படம்.

"டிஷ்யூ பெட்டி எங்க? போன தடவை ஹெட்போன் நனைஞ்சு என்னைத்தான் கேட்டாங்க" என்றார் மீட்டர்.

கதை எளிது. படுக்கையில் கிடக்கும் அப்பாவை மகன் பார்த்துக்கொள்கிறான். மருந்து கடும் கசப்பு, ஒவ்வொரு வேளையும் சண்டை. பிறகு சண்டை ஓய்ந்துவிடுகிறது. அப்பா இறந்துவிடுகிறார். மகன் பதினெட்டு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு, கடைசியில் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கிறான். எதற்கு என்று படம் வாயால் சொல்வதே இல்லை. இருபத்தொன்றாவது நிமிடத்தில் நாலரை விநாடி காட்டுகிறது. மகன் மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அதே பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறான். இரண்டு மணி நேரப் படம் அந்த நாலரை விநாடியின் மேல்தான் நிற்கிறது.

அந்த இடத்தில் நான் எழுதியிருந்தது: "மகன் குழாயடியில் கை கழுவுகிறான்."

இந்த வேலையில் நான் எழுதிய முதல் பொய் அது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குக் கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறும் நோய். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஊறிய அளவு வெளியேறவும் வேண்டும். வெளியேறும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்னாலிருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். அதைக் குறைக்கத் தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து. நசுங்கிய நரம்பு திரும்ப வராது. அதனால் ஒரு வேளைகூட விடக் கூடாது. இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு. மருந்து எரியும். உதைப்பான், கடிப்பான், பள்ளிக்கூட வண்டி போய்விடும். ஒரு நாள் நான் மருந்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் பிடித்து வைத்தேன். எரியவில்லை. அக்கா போட்டால் எரிவதில்லை என்று வீடெல்லாம் சொன்னான். அம்மா சந்தோஷமாக இரண்டு வேளையையும் என்னிடமே விட்டுவிட்டார். நாலு மாதம் கழித்து டாக்டர் கேட்டபோது, "ஒரு வேளைகூட விடல டாக்டர்" என்றார் அம்மா. "அப்ப இந்த மருந்துக்கு இவன் கண்ணு மசியல" என்று டாக்டர் ஆபரேஷனுக்கு எழுதினார். இரண்டு ஆபரேஷன் நடந்தது. அம்மா இப்போது இல்லை. இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

படம் ஓடியது. மருந்துச் சண்டைக் காட்சியில் தம்பி சிரித்துக்கொண்டே மீட்டரின் தோளைத் தட்டினான்.

"எனக்கும் இதே கூத்துதான். கண்ணுல மிளகாய்ப்பொடி தூவுன மாதிரி இருக்கும். எங்கக்கா போட்டா மட்டும் எரியவே எரியாது. எங்கம்மாவக்கூட கிட்ட விடமாட்டேன். அப்படி ஒரு கைராசி."

"அப்ப மேடம் டாக்டராயிருக்கலாம். இங்க வந்து என் உயிர வாங்கறாங்க" என்றார் மீட்டர்.

இருபத்தொன்றாவது நிமிடம் வந்தது. என் வரியைப் படித்தேன். தம்பி கையைத் தூக்கினான்.

"அக்கா, இப்ப என்ன சொன்ன?"

"மகன் குழாயடியில் கை கழுவுகிறான்."

"மீட்டர், கொஞ்சம் பின்னாடி போங்க. அக்கா, நீ படிக்காத."

என் குரல் இல்லாமல் ஓடியது. குழாய்ச் சத்தம் மட்டும்.

"சத்தம் மேல ஏறுதே" என்றான். "கை கழுவுனா ஏறாது. ஏதோ நிரம்புது."

அவன் சொன்னது சரி. பாட்டிலில் தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்றின் உயரம் குறையும். குட்டையான காற்று கீச்சென்று ஒலிக்கும். தம்பி டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது விரல் வைத்துப் பார்க்க மாட்டான். காதாலேயே அளந்து, விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்துவான். அப்படிப்பட்டவனிடம்தான் கை கழுவுகிறான் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

மீட்டர் தன் திரையைப் பார்த்தார், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், பிறகு பச்சைக் கோட்டுக்குப் போய்விட்டார்.

"பத்து வருஷத்துல லாரிய பஸ்ஸுன்னுகூட நீ எழுதினதில்லயே" என்றான் தம்பி. "கண்ணாடி மாத்தணுமா? வீட்டுக்கு ஒரு குருடன் போதும்க்கா."

திருத்திப் படித்தேன். "மகன் மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடிக்கிறான்." எட்டுச் சொல். சந்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

தம்பி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். பிறகு, "அடேங்கப்பா. இதுக்குத்தான் சண்டை நின்னுச்சா. இந்த ஒரு சந்துக்காகத்தானே படமே! அதப் போய் ஏன் கை கழுவறதா மாத்தின?" என்றான்.

அசதி என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். மைக் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. படம் நிற்கும்போது அதை அழுத்தினால்தான் என் பேச்சு அந்தப் பக்கம் போகும். அழுத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் சொன்னேன்.

"ஒரு வீடு. காலை. கை கழுவும் தொட்டி முன்னால் பன்னிரண்டு வயதுப் பெண் நிற்கிறாள். கையில் கண் மருந்து பாட்டில், புதியது. மருந்தைத் தொட்டியில் பிழிகிறாள். காலி பாட்டிலை அழுத்தி, அதன் மூக்கைத் தண்ணீரில் வைத்து, பிடியை விடுகிறாள். தண்ணீர் உள்ளே ஏறுகிறது. கூடத்தில் ஏழு வயதுப் பையன் முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருக்கிறான். கண்ணுக்கு ஒரு சொட்டு விடுகிறாள். பையன் சிரிக்கிறான்."

பொத்தானை விட்டேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, மீட்டர், "லெவல் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். படம் நின்றாலும் அவர் பதிவை நிறுத்த மாட்டார்.

"பதிவாயிருக்கா? திரும்பப் போடுங்க" என்றான் தம்பி.

போட்டார். என் குரலை நானே கேட்டேன். தம்பியின் வலது கை மேசை மேல் இருந்தது, விரல்கள் விரிந்து. 'பையன் சிரிக்கிறான்' வந்தபோது மடங்கின.

"எத்தனை பாட்டில்?"

"நாலு. மாசத்துக்கு ஒண்ணு."

"அம்மாவுக்கு?"

"தெரியாது."

"மருந்து போட்டிருந்தா எனக்குக் கண்ணு இருந்திருக்குமா?"

அந்தக் கேள்விக்கு இருபத்தெட்டு வருடமாகப் பதில் தேடியிருக்கிறேன். இரண்டு டாக்டர்களிடம், யாரோ ஒரு பையனைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டும் இருக்கிறேன். ஒருவர் இருந்திருக்கலாம் என்றார். மற்றவர் அந்த வயதில் வருகிற வகை எப்படியும் முற்றும் என்றார். இரண்டையும் அவனிடம் சொன்னேன்.

"அப்ப உனக்குத் தெரியாது."

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்றான். ஹெட்போனைக் கழற்றினான். துடைத்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். "மீதியப் போடுங்க. இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு."

மீதியைப் பார்த்தோம். ஆறு இடத்தில் கையைத் தூக்கினான், ஆறும் நியாயமான திருத்தங்கள். கடைசிக் காட்சியில், "அம்மா அவனை மன்னிக்கிறாள்" என்ற வரியை அடிக்கச் சொன்னான்.

"அவங்க என்ன பண்றாங்க?"

"டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போறாங்க."

"அதச் சொல்லு."

ஐந்து மணிக்கு மூடினோம். வழக்கமாக என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவான். அன்று பையிலிருந்து மடக்குத் தடியை எடுத்து உதறினான். நாலு துண்டும் டக் டக்கென்று சேர்ந்து நீண்டன. "நீ முன்னாடி போ." போனேன். பதினாலு படி. பின்னால் தடி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வந்தது.

வாசலில் தினமும் நின்று, "வெளிய என்ன படம் ஓடுது?" என்பான். தெருவில் இருப்பதையெல்லாம் சொல்வேன். அன்று நின்றான், கேட்கவில்லை. நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போய்த் தெருமுனையில் திரும்பியது. அதன் சத்தம் அடங்கும்வரை அவன் தலை அந்தப் பக்கமே இருந்தது.

"பஸ் போச்சு" என்றான். "அது எனக்கே தெரியுது. மத்ததச் சொல்லு."

எதிர்க் கடையில் பாதி இறங்கிய ஷட்டர். அதன் கீழே ஒரு ஜோடிச் செருப்பு. மேற்கே மேகம், கறுப்பு இல்லை, சாம்பல். இடமிருந்து வலமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் தடியை மடக்கவில்லை.