மாதிரி போதுமானது

1

செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து. பதிவாளர் அலுவலகத்தின் சன்னல் ஐந்துக்கு மூடும். இந்தக் கதை அந்த ஐம்பது நிமிடத்துக்குள் எழுதப்படுகிறது.

எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புலத் தலைவர் கேட்டார். எங்கள் பல்கலைக்கழகத்தின் மேலாண்மை, தொழில்நுட்பப் புலத்துக்குப் பத்தாண்டு நிறைகிறது. மலர் போடுகிறார்கள்.

"துறைகள் சேர்ந்து செய்யற ஆராய்ச்சி பத்தி ஒரு வெற்றிக் கதை எழுதுங்க. நீங்க இலக்கியம் படிச்சவராச்சே. 'பாலம்'ங்கிற வார்த்தை மட்டும் எங்கயாவது வரணும்."

வந்துவிட்டது. ஒரு வரி மேலே பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: "அறிவுக்குச் சுவர்கள் இல்லை என்று உணர்ந்த இரு பேராசிரியர்கள், ஓர் இளங்காலைப் பொழுதில்..."

(அடித்துவிட்டேன். இருவரும் பதினொரு மணிக்கு முன் வருவதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "இரு கட்டடங்களுக்கு நடுவே, மூன்றாம் மாடியில், ஒரு கண்ணாடிப் பாலம் இருக்கிறது."

இது உண்மை. ஒரு பக்கம் மேலாண்மை, மறுபக்கம் தொழில்நுட்பம். இரு முனையிலும் கதவு. அந்தந்தக் கதவுக்கு அந்தந்தத் துறையின் அட்டை. இரண்டு அட்டையும் வைத்திருப்பவர் துப்புரவுப் பணியாளர் மட்டும். எங்கள் புலத்தின் ஒரே பல்துறை வல்லுநர்.

இரு துறைக்கும் பொதுவான ஆய்வு மாணவிக்கு ஓர் அட்டை தந்தார்கள். அது மேலாண்மைக் கதவை மட்டும் திறக்கும். மறுமுனையில் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்பாள். (அவளா, அவரா? வயது முப்பத்திரண்டு. முதல் வருடம் என்னிடம் மொழிப் பாடம் படித்தவள். 'அவள்' இருக்கட்டும்.) மாணவர்கள் வைத்த பெயர், பாலம் அக்கா.

3

பாத்திரங்கள். மாடல் சார் தொழில்நுட்பப் பேராசிரியர். உலகத்தைச் சமன்பாடாக்கிக் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பார்; அதுதான் மாடல். சாம்பிள் மேடம் மேலாண்மைப் பேராசிரியர். நானூறு பேரைக் கேட்காமல் எதையும் நம்பமாட்டார். அந்த நானூறு பேர்தான் சாம்பிள். இருவரும் பாலம் அக்காவின் வழிகாட்டிகள். ஆய்வு: மருத்துவமனையில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்கள் எந்த நிமிடத்தில் பொறுமை இழக்கிறார்கள்?

(ஐந்து வருடமாகக் காத்திருப்பவள் காத்திருப்பதை ஆராய்கிறாள். புனைவென்றால் நானே வெட்டியிருப்பேன். பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை.)

இருவரும் சேர்ந்து ஒரு பாடமும் நடத்துகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கைபேசி பார்ப்பார். விடைத்தாளை இருவரும் திருத்துவார்கள். ஒரே விடைக்கு அவர் இரண்டு, இவர் ஒன்பது. சராசரி ஐந்தரை. இதை ஒருங்கிணைப்பு என்கிறோம்.

4

தவறு என்னுடையது. அதை மூன்று பகுதி தள்ளிப் போட்டிருக்கிறேன்.

போன வருடம் ஆய்வுக் குழு கூடியது. மாணவிக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே நாற்காலி போட்டார்கள். சாரும் மேடமும் வகுப்பில் இருப்பது போலவே இருந்தார்கள், கைபேசியோடு. நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் நான். குறிப்பு தமிழில் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்பது என் கொழுப்பு.

"மாதிரி போதுமானது எனக் குழு ஏற்கிறது" என்று எழுதினேன்.

மாடலுக்கும் தமிழில் மாதிரி. சாம்பிளுக்கும் மாதிரி.

மாடல் சார் அவளிடம் சொன்னார்: "என் பக்கம் முடிஞ்சுதும்மா. மாடல் போதும்னு எழுத்துலயே இருக்கு. அந்தம்மாவுக்குத்தான் ஆள் பத்தல. இன்னும் நாலு ஆஸ்பத்திரி பாத்துட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

சாம்பிள் மேடம் சொன்னார்: "சாம்பிள் போதும்னு தீர்மானமே ஆயாச்சு. அவரோட மாடல்தான் ஓட்டை. அடைச்சுட்டு வா, போடறேன்."

அவள் நாலு மருத்துவமனைக்குப் போனாள். ஓட்டையையும் அடைத்தாள். புது ஆட்களுக்குப் பழைய மாடல் பொருந்தவில்லை. புது மாடலுக்குப் பழைய ஆட்கள் போதவில்லை. மறுபடி இருவரும் அதே தாளைக் காட்டினார்கள். ஒருவரையொருவர் கேட்கவில்லை.

(ஏன் கேட்கவில்லை? "இரு அறிவுப்புலங்களின் கலைச்சொல் மரபுகளுக்கிடையே நிலவும்..." வேண்டாம். மேடத்தின் கார் நிற்கும் இடத்தில் சார் ஒருநாள் தன் காரை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான்.)

5

இன்று அவள் பதிவு காலாவதியாகிறது. ஐந்துக்குள் ஆய்வேடு சன்னலுக்குள் போகாவிட்டால் ஐந்து வருடமும் வீண். பதிவாளர் அலுவலக எழுத்தர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். குறிப்பு எழுதியவர் ஒரு திருத்தம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மாடல், சாம்பிள் இரண்டையும் குழு ஏற்றது என்றால் வழிகாட்டிகள் கையெழுத்தே வேண்டாம். ஒன்றைத்தான் ஏற்றது என்றால் மற்றது பாக்கி.

நகல் இயந்திரத்துக்குப் பக்கத்து அறை என்னுடையது. ஆய்வேட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு உள்ள என்ன சார் சொன்னாங்க? மாடல்னா, சாம்பிள்னா?"

"ஞாபகம் இல்லம்மா."

"நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினது ஞாபகம் இருக்கு."

அது பொய்யில்லை. அவர்கள் சொன்னது மறந்துவிட்டது. நல்ல சொல் அகப்பட்ட பூரிப்பு மறக்கவில்லை.

அவள் கைபேசி அடித்தது. அண்ணி. குரல் எனக்கும் கேட்டது.

"இன்னைக்காவது முடிஞ்சுதா? இல்ல, என் பொண்ணு காலேஜுக்கு வர்றப்போ ரெண்டு பேரும் சேர்ந்தே போறீங்களா?"

"முடிஞ்ச மாதிரிதான் அண்ணி."

முடிஞ்ச மாதிரி.

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று கூட்டத்தில் சாரும் பேசவில்லை, மேடமும் பேசவில்லை. தலைவர்தான் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, போதும்ங்கிற மாதிரி இருக்கு. டீ ஆறுது, வாங்க" என்றார்.

மாடலும் இல்லை. சாம்பிளும் இல்லை. வெறும் மாதிரி.

6

முடிவு ஒன்று: 'மாடல்' என்று எழுதுகிறேன். சார் ஜெயிக்கிறார். அவள் மறுபடி ஆள் தேட வேண்டும், பதிவு இல்லாமல்.

முடிவு இரண்டு: 'சாம்பிள்.' மேடம் ஜெயிக்கிறார். மற்றபடி மேலே உள்ளதே.

முடிவு மூன்று: நடந்ததை எழுதுகிறேன். தலைவர் டீக்குக் கூப்பிட்டதைத் தீர்மானமாக்கினேன் என்று. கூட்டம் செல்லாது. என் வேலை

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன்.)

முடிவு நாலு அவளுடையது. குறிப்பை என் பக்கம் திருப்பி, ஒரு சொல்லில் விரல் வைத்தாள்.

"இது 'மாதிரிகள்'னு இருந்திருக்கணும் சார். தட்டச்சுல ஒரு 'கள்' விட்டுப்போச்சு. அப்படி நடக்கும்ல?"

('கள்' என்றதும் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். மணி நாலு நாற்பத்தெட்டு.)

"அப்போ 'போதுமானவை'ன்னு வரணும். 'மாதிரிகள் போதுமானது' பிழைம்மா."

"ரெண்டு இடத்துல திருத்தினா யாரும் நம்பமாட்டாங்க சார். ஒரு இடம்னா கைப்பிசகு."

ஆக, அவள் தப்பிக்க ஒரு பொய் போதாது. ஓர் இலக்கணப் பிழையும் வேண்டும், என் கையெழுத்தில். இதில் எது என்னைத் தடுக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதல் வருடத்தில் இதே ஒருமை பன்மைப் பிழைக்கு அவளுக்கு ஐந்து மதிப்பெண் குறைத்தவன் நான்.

இப்படிப்பட்ட கதைகளில், இந்த இடத்தில், முடிவை வாசகரிடம் தள்ளிவிடுவது வசதி. தள்ளியிருப்பேன். திருத்தக் குறிப்பில் உங்கள் கையெழுத்து செல்லாது.

நாலு ஐம்பத்தொன்று. சன்னல் பாலத்துக்கு அந்தப் பக்கம். அவள் பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

"ஒரே ஒரு 'கள்' சார். இதுக்கும் அஞ்சு மார்க் குறைப்பீங்களா?"